இடம் மாறிய தொப்பை

என் தொப்பை ஒரு முறை செத்துப் பிழைத்திருக்கிறது. அதுவும் வயிற்றில் இருந்தபோது அல்ல. நெஞ்சுக்குக் குடிபோன மறுநாள், பட்டப்பகலில், பதினொன்றே கால் மணிக்கு. அதைச் சாவின் வாயிலிருந்து இழுத்து வந்தது இரண்டே பேர்: ஒன்று என் வலது உள்ளங்கை, இன்னொன்று செருப்பில்லாமல் ஓடிய என் நாத்தனார். அவள் ஓடிய வேகத்தில் வார்டின் திரைச்சீலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. எதிரே வந்த காலி சக்கர நாற்காலி தானாக ஒதுங்கி வழிவிட்டது.

இதை நம்பியவர் யாருமில்லை. எப்படி நம்புவார்கள்? ஓடியவளே இல்லை என்கிறாளே.

"நான் எங்க ஓடினேன்? கொஞ்சம் வேகமா நடந்தேன். செருப்பு கால்லதான் இருந்துச்சு. கண்டுபிடிச்சது மிஷின். அண்ணியை விட்டா என்ன வேணா சொல்வாங்க."

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் அதைப் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வாள். ஐம்பது பேர் வந்தார்கள் என்றால் ஐந்து. நூறு தடவை கூப்பிட்டேன் என்றால் பத்து. மீதி வந்தால் அதைத் தள்ளிவிடுவாள், இரக்கமே கிடையாது.

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் ஒரு குளிர்கிடங்கில் வேலை பார்த்தேன். ஆப்பிள், ஆரஞ்சு, மீன், தடுப்பூசி எல்லாம் தூங்குகிற இடம். பதினாறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிர். அது கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. கதவுக்குக் கதவு வெப்பமானி தொங்கும். ஆனால் அது பழுதானால் பழுது என்று தானாகச் சொல்லாது. அதனால் உள்ளே போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மானியைப் பார்ப்பேன். பத்து வருடத்தில் கை பழகிவிட்டது. அப்புறம் மானி ஒன்று சொல்லி என் கை வேறொன்று சொன்னால், மானியைத்தான் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புவார்கள்.

ஒரு டிகிரி பிசகினால் ஒரு லாரி சரக்கு குப்பைக்குப் போகும். ஆக, வேலை நேரத்தில் நான் ஒரு சொல்லைக்கூட ஊதிப் பெரிதாக்கியதில்லை. தினம் எட்டு மணி நேரம் அச்சுப் பிசகாமல் உண்மை பேசிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் கைகால் நீட்டிக்கொள்ள இடம் வேண்டாமா?

நான் ஓய்வு பெற்ற வருடம்தான் இடது மார்பில் புற்றுநோய் வந்தது. எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, திரும்ப முளைத்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு முளைத்தது. அதெல்லாம் அழுது முடித்த கதை, விடுங்கள். சிரிப்புக் கதை அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள சிலிக்கானில் ஒரு மார்பு கொடுத்தார்கள். நான் அதற்கு வாடகைக்காரி என்று பெயர் வைத்தேன். வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் அவளும் கூடவே மேலே ஏறுவாள். ஒரு நாள் தோளுக்கே வந்து ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தாள். காய்கறிக் கடையில் நான் குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கூடைக்குள் குதித்துவிட்டாள். கடைக்காரர் கவனிக்காமல் தக்காளியோடு சேர்த்து நிறுத்துவிட்டார்.

"கூடையில விழல. விழப் பாத்துச்சு, நான் பிடிச்சேன்" என்பாள் டீச்சர்.

சரி, விழப் பார்த்தது. ஆனால் வேடிக்கையெல்லாம் ஊருக்கு. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே பொட்டலம் கட்டுவதுபோல் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு வருடம் கட்டினேன். ஒரு நாள் காலையில் கை ஓய்ந்துவிட்டது. வாடகைக்காரியை மேசைமேல் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அறுவைசிகிச்சை டாக்டர் ஒரு சின்னப் பெண். என் தோள் உயரம்தான் இருப்பாள். நான் மனதுக்குள் குட்டி டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வீட்டுக்காரர், ஒரு பக்கம் டீச்சர், நடுவில் நான் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையா இருக்கும்மா!"

என் தொப்பையைப் பார்த்து அந்த வார்த்தையை இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இந்தத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பா செஞ்சு வைப்போம்" என்றாள் டாக்டர். "முன்னாடியெல்லாம் வயித்துத் தசையையும் சேர்த்து வெட்டி எடுப்பாங்க. அப்புறம் படுத்தா எழுந்திருக்கவே கஷ்டப்படுவாங்க. இப்ப தசையை அங்கேயே விட்டுடறோம். அது நடுவுல வர்ற ரத்தக் குழாயை மட்டும் மெதுவா பிரிச்சு எடுத்து, நெஞ்சுல இருக்கற குழாயோட மைக்ரோஸ்கோப் வெச்சுத் தைப்போம். எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு முன்னாடியே ஸ்கேன்ல பாத்து வெச்சுக்குவோம்."

டீச்சர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்தும்போது அப்படித்தான் உட்காருவாள்.

"குழாய் எவ்வளவு பெருசு?"

"ரெண்டு மில்லிமீட்டர். சில பேருக்கு அதைவிடச் சின்னது."

"தைக்கிற நூல்?"

"தலைமுடியைவிட மெல்லிசு."

"நூத்துல எத்தனை தோத்துப் போகும்?"

"ரெண்டு, மூணு. தச்ச குழாய் அடைச்சுக்கிட்டா தோத்துரும். முதல் ரெண்டு மூணு நாள்தான் பயம். சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்திரலாம். லேட்டானா..." டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாள். "எடுத்துடணும்மா. வயித்துலேர்ந்து இன்னொரு தடவை எடுக்க முடியாது. ஒரே வாய்ப்புதான்."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் டீச்சர் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அறுபத்திரண்டு வயசுல இது தேவையா? யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கப் போறேன், டீச்சர். தினம் காலையில ஆறு மணிக்கு."

அவள் அதை எதாலும் வகுக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "தொப்பையும் குறையும்னா நல்லதுதானே" என்றார். மூன்று நாள் அவரோடு பேச்சை நிறுத்தி வைத்தேன்.

அறுவைசிகிச்சை பதினெட்டு மணி நேரம் நடந்தது. டீச்சர் கைக்கடிகாரத்தில் எட்டு. கண் விழித்தபோது கட்டில் நடுவில் மடங்கியிருந்தது, நானும் அதோடு மடங்கியிருந்தேன். வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் நீட்டிப் படுக்கக் கூடாதாம். நெஞ்சில் கட்டுக்கு நடுவே சதுரமாக ஒரு ஜன்னல் விட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அங்கே என் தொப்பை, நேற்று வரை கீழே இருந்தது, ஒன்றும் நடக்காததுபோல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. என் இளம் வயசு அம்மைத் தழும்பு ஒன்று அதன்மேல் அப்படியே இருந்தது. பழைய தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது.

மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து பேனா மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைப்பாள். பெட்டிக்குள்ளிருந்து உஷ்... உஷ்... என்று சத்தம் வரும், ஓடிவிட்டு வந்த நாய்க்குட்டி மூச்சு வாங்குவதுபோல். சத்தம் வந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அவளை நான் பேனா சிஸ்டர் என்று கூப்பிட்டேன்.

"வலி எவ்வளவும்மா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"நூறு."

"பத்துக்குள்ளம்மா."

நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னாள். "பத்தால வகுத்துட்டு அதுல பாதி எழுதிக்கோம்மா. எங்க அண்ணி எல்லாத்தையும் பத்தால பெருக்கித்தான் சொல்வாங்க."

பேனா சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஐந்து என்று எழுதினாள். நிஜத்தில் நான்குதான். அதற்கப்புறம் அந்த வார்டு முழுக்க இதுவே விளையாட்டாகிவிட்டது. கஞ்சி ஐஸ்கட்டி மாதிரி இருக்கு என்றால், "பத்தால வகுங்க" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்தே குரல் வரும். எனக்கும் குஷி. வந்து போன எல்லோரிடமும் அளந்துவிட்டேன். யானைத் தந்தம் அறுக்கிற ரம்பத்தால் அறுத்தார்கள் என்றேன், நானூறு தையல் என்றேன். இதனால் ஒரு நாள் வினை வரும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். அரை மணிக்கொரு தரம் கையைத் துடைத்துக்கொண்டு அந்த ஜன்னலில் உள்ளங்கையை வைப்பேன். அப்புறம் வலது மார்பில் வைப்பேன். இரண்டும் ஒரே சூடு. புதுசுக்கு இன்னும் உணர்ச்சி கிடையாது, தொட்டால் அதற்குத் தெரியாது. ஆனால் என் கைக்குத் தெரியுமே. பதினேழாவது அறை என்று அதற்கு நம்பர் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு பேனா சிஸ்டர் வந்து சத்தம் கேட்டுவிட்டு, "நல்லா ஓடுது" என்று எழுதிவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் டீ வாங்கக் கீழே இறங்கினார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை என் கட்டிலின் கம்பியில் வைத்துக்கொண்டு, ஏழு எழுத்து வார்த்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் கையை வைத்தேன்.

எடுத்தேன். கையைப் போர்வையில் தேய்த்தேன், மறுபடி வைத்தேன். வலது பக்கம் வைத்தேன். திரும்ப இடது பக்கம் வைத்தேன்.

"டீச்சர்."

"ம்."

"ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்கு."

பென்சில் ஒரு கட்டத்தை நிரப்பியது. அப்புறம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு."

"இருபதா?"

"இல்ல. ரெண்டு."

டீச்சர் என்னைப் பார்த்தாள். நாற்பது வருடமாக என்னைத் தெரியும் அவளுக்கு. என் வாயிலிருந்து இவ்வளவு சின்ன எண் ஒன்று வந்து அவள் கேட்டதில்லை. எழுந்து வந்து தன் கையை அந்த ஜன்னலில் வைத்தாள். பிறகு வலது பக்கம் வைத்தாள். அவள் புருவம் நெரிந்தது. மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடுகள் வெளுத்துவிட்டன.

அடுத்த நொடி நாற்காலி காலி.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வார்டின் கடைசி வரை அவள் குரல் போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரல். பேனா சிஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சிஸ்டர் கருவியை வைத்தாள். உஷ்... உஷ்... உஷ்.

"சத்தம் நல்லா கேக்குதே. கலரும் அப்படியேதான் இருக்கு." என் கறுப்புத் தோல் எதையும் சீக்கிரம் வெளியே காட்டிக்கொடுக்காது. சிஸ்டர் பழகிய சிரிப்போடு டீச்சரைப் பார்த்தாள். "பத்தால வகுத்துடலாமா?"

"வகுக்கக் கூடாது!" என்று டீச்சர் கத்தினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் ரிமோட்டைக் கீழே போட்டாள். "இது வகுக்கற விஷயம் இல்லம்மா. முப்பத்தோரு வருஷம் குளிர் பாத்த கை அது. எங்க அண்ணி ரெண்டுன்னு சொன்னா ரெண்டுதான். டாக்டரைக் கூப்பிடு. இப்பவே."

ஒரே வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதுதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் நான் விட்டுவந்த அந்த வாடகைக்காரி என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

குட்டி டாக்டர் வந்தாள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். அழுத்திய இடம் சட்டென்று திரும்ப நிறைந்தது, அளவுக்கு மீறிய வேகத்தில். ஊசியால் லேசாகக் குத்தினாள். வந்த ரத்தம் கறுப்பாக இருந்தது.

"உள்ள போற குழாய் ஓடுது. அதனாலதான் சத்தம் கேக்குது" என்றாள். "திரும்பற குழாய் அடைச்சிருக்கு. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க."

கட்டிலோடு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று டீயோடு லிஃப்டில் வந்து இறங்கிய வீட்டுக்காரர், கட்டில் இருந்த இடத்தில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாராம். டீச்சர் சொல்லித்தான் தெரியும்: நின்ற இடத்திலேயே மூன்று டீயையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாராம். ஏன் குடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு மணி நேரம். இந்தத் தடவை நானும் இரண்டு என்றுதான் சொல்கிறேன்.

விழித்ததும் முதலில் கையைத்தான் தேடினேன். சலைன் குழாயெல்லாம் சுற்றிக் கிடந்தது. கை எட்டவில்லை. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்த ஜன்னலில் வைத்தாள்.

சூடு. பேக்கரிக் கதவைத் திறந்ததுபோல் சூடு. கோடை வெயிலில் நின்ற பேருந்து சீட்டுபோல். ஆயிரம் வாட் பல்பு... சரி. வலது மார்பு எவ்வளவோ அவ்வளவு.

"அரிசியில பாதி அளவுக்கு ஒரு ரத்தக்கட்டி" என்றாள் டாக்டர். தொப்பியைக் கழற்றியிருந்தாள், நெற்றியில் தொப்பியின் கோடு பதிந்திருந்தது. "எடுத்துட்டு அந்தக் குழாயைப் புதுசா தச்சிட்டேன். சாயங்காலம் கண்டுபிடிச்சிருந்தா இது இருந்திருக்காதும்மா. யாரு முதல்ல பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "மிஷின்ல ஏதோ தெரிஞ்சுது."

நான் அவளை முறைத்தேன். அவள் கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இதே பல்லவிதான். வீட்டுக்கு வந்து நான் யாரிடம் இந்தக் கதையை ஆரம்பித்தாலும், "மிஷின்" என்று மாடியிலிருந்து குரல் வரும். ஏன் இப்படி மறுக்கிறாள் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. ஒரு முறை ஒப்புக்கொண்டால், என்னுடைய நாற்பது வருடக் கதைகளையும் திருப்பி எடுத்துத் திருத்தி மார்க் போட வேண்டியிருக்குமே என்று பயந்தாளோ என்னவோ.

ஆறு மாதம் ஆனது. புது மார்பு பழகிவிட்டது. நடந்தால் கூடவே வருகிறது, குனிந்தால் கூடவே குனிகிறது, எங்கும் எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டலம் கட்டும் வேலை போயே போய்விட்டது. பல் துலக்கிவிட்டு நேராக டீ போட வருகிறேன். இதைவிடப் பெரிய நிம்மதியை எப்படி ஊதிப் பெருக்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரே ஒரு வேலைதான் மீதி. புது மார்பில் காம்பை நிறத்தால் வரைய வேண்டும், ஊசியால், பச்சை குத்துவதுபோல். அறுபத்திமூன்று வயதில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு டீச்சர்.

காத்திருக்கும் அறையில் எங்களுக்கு எதிரே ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பேருந்து ஓட்டுகிறாளாம். சீருடைச் சட்டையின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மடியில் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஸ்டியரிங் பிடிப்பதுபோல்.

"நீங்க செஞ்சுக்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

கேட்டால் போதாதா எனக்கு? அளக்க ஆரம்பித்தேன். பதினெட்டு மணி நேரம் என்றேன். "எட்டு" என்றாள் டீச்சர். நானூறு தையல் என்றேன். "எண்ணல" என்றாள். ரத்தக்கட்டி எலுமிச்சை அளவு என்றேன். "அரிசி. அதுலயும் பாதி." செத்துப் பிழைத்த கதைக்கு வந்தேன், கையை வைத்ததைச் சொன்னேன், நாத்தனார் ஓடியதைச் சொன்னேன், சக்கர நாற்காலி ஒதுங்கியதையும் சொன்னேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ஆசை மெல்ல அணைந்தது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க. எதை நம்பறதுன்னு தெரியல. எனக்கு ஏற்கெனவே பயமா இருக்கு. அடைச்சுக்கிட்டா என்ன பண்றது? நான் வேற ஒரு நாள் வரேன்." எழுந்து ஃபைலைப் பைக்குள் திணித்தாள்.

ஊதி ஊதி நானே அந்தப் பெண்ணை விரட்டிவிட்டேன். பின்னாலேயே போய்ச் சொல்லலாம் என்றால், நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"உக்காரும்மா" என்றாள். அந்தக் குரலுக்கு உட்காராதவர்கள் கிடையாது. அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

"எட்டு மணி நேரம். அது நிஜம். அடைச்சுக்கிட்டது. அதுவும் நிஜம். மிஷின் ஒண்ணும் சொல்லல. இவங்க கை சொல்லுச்சு. நானும் தொட்டுப் பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இவங்க முகத்தைப் பாத்துதான் நம்பினேன். டாக்டர் ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணிட்டாங்க. இப்ப ஆறு மாசம் ஆச்சு, நல்லா இருக்கு. நானே பாத்தேன்."

பேருந்துக்காரப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ, நீங்க ஓடினதும்...?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓடினேம்மா" என்றாள். "செருப்பில்லாமதான் ஓடினேன்."